டூல்ஸ் பெட்டி இலக்கணம்

வரையறை

லாரியின் டூல்ஸ் பெட்டி என்பது வண்டி ஓடும்போது எவர் நினைவிலும் இராமல், நின்ற மாத்திரத்தில் எல்லோர் நினைவுக்கும் வருகிற பொருள்களின் தொகுதி. பெட்டி என்று வழங்கினாலும் அது பெட்டியாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை. தகரப் பெட்டி, சிமெண்ட் சாக்கு, பெயிண்ட் வாளி, சீட்டுக்கு அடியிலுள்ள பள்ளம் ஆகிய நான்கும் இப்பெயருக்கு உரியவை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து வண்டிகள் சிலவற்றில் இந்த நான்கும் ஒருங்கே காணப்படும். அப்போது தேடுகிற ஸ்பேனர் ஐந்தாவது இடத்தில் இருக்கும்.

இங்கு ஆராயப்படுபவை ஆறு டயர் லாரி முதல் டாரஸ் என்னும் கனரக லாரி வரையிலான சரக்கு வண்டிகளின் அவசரக் கருவிகள் மட்டுமே. ஒரு பொருள் அவசரக் கருவி ஆவதற்கு அது புதிதாகவோ முழுதாகவோ இருக்க வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கு, மின்கம்பம் கண்ணுக்கெட்டாத இடத்தில், செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓர் ஆள் அதைக் கையாள முடிந்தால் போதும். இந்த அளவுகோலின்படி பட்டறையில் காற்றில் இயங்கும் நட்டுத் துப்பாக்கி கருவிதான், அவசரக் கருவி அன்று. பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய முக்கால் முழ ரப்பர் வாரோ ஐயத்துக்கிடமற்ற அவசரக் கருவி.

கிளீனரையும் இத்தொகுதியில் சேர்க்க வேண்டும் என்போர் உளர். தூக்க, இழுக்க, முட்டுக் கொடுக்க, வெளிச்சம் பிடிக்க, ஏச்சு வாங்க என ஐவகைப் பயனும் உடைய கருவி வேறில்லை என்பது அவர்கள் வாதம். பெட்டிக்குள் அடங்காத நீளம் காரணமாக இது ஏற்கப்படவில்லை.

தோற்றமும் வளர்ச்சியும்

புது வண்டியோடு கம்பெனி தரும் கருவித் தொகுதி ஒன்று உண்டு. ஜாக்கி, அதன் கைப்பிடி, வீல் ஸ்பேனர், அதைத் திருப்பும் டாமி ராடு, இருமுனை ஸ்பேனர்கள் சில என்று அது சுருக்கமாகவே முடிந்துவிடும். மற்றவையெல்லாம் பின்னர் வந்து சேர்பவை. அவை சேரும் விதி ஒன்றே: ஒரு பொருள் பெட்டிக்குள் நுழைவது, அது இல்லாமல் வண்டி ஒருமுறை நின்ற பிறகுதான். ஃபேன் பெல்ட் அறுந்து ஒரு பகல் முழுக்க வெயிலில் கிடந்தவர் மறுநாள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைக்கிறார். அதன்பின் அவருக்கு பெல்ட் அறுவதில்லை, ரேடியேட்டர் ஹோஸ் வெடிக்கிறது. ஹோஸும் கிளாம்பும் பெட்டியில் சேர்ந்த மாதத்தில் ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் ஒடிகிறது. இவ்வாறாக எந்தப் பெட்டியும் போன தடவை வந்த பழுதுக்கு முழுத் தயாராக இருக்கிறது.

இதிலிருந்து ஆய்வு முறை ஒன்று கிடைக்கிறது. ஓட்டுநரின் அனுபவத்தை லைசென்ஸ் எடுத்த ஆண்டைக் கொண்டு கணிப்பதைவிடப் பெட்டியைத் திறந்து கணிப்பது நம்பகமானது. ஸ்பேனர் எல்லாம் பளபளவென்று வரிசையாக இருந்தால் ஆள் புதிது. எங்கும் விற்காத வடிவத்தில் வளைத்து வெல்டு வைத்த கம்பி ஒன்று கிடந்தால், அவர் எங்கோ ஒரு நட்டிடம் தோற்று, பிறகு ஜெயித்தவர்.

அடுக்குகள்

பெட்டியின் உள்ளடக்கத்தை, அகழாய்வாளர் மண்ணடுக்குகளைப் படிப்பது போல, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். மேலடுக்கில் கருவி எதுவும் இராது. லுங்கி, துண்டு, பழைய நாளிதழ், திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் ஆகியவை இந்த அடுக்குக்குரியவை. அவற்றை விலக்கினால் அன்றாடம் புழங்கும் கருவிகள்: கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், பாதி தீர்ந்த இன்சுலேஷன் டேப், 12–13 ஸ்பேனர். கடைசியாகச் சொன்னதற்குத் தனிச் சிறப்பு உண்டு. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 13. வண்டியில் கைக்கு எட்டும் இடங்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்த போல்ட்டுதான். ஆகவே அதிகம் எடுக்கப்படும் ஸ்பேனரும், அதிகம் தொலையும் ஸ்பேனரும், பெட்டியில் மூன்று இருந்தும் வேண்டும்போது ஒன்றும் கிடைக்காத ஸ்பேனரும் அதுவே.

மூன்றாம் அடுக்கு உதிரிப் பாகங்களுக்குரியது. புது ஃபேன் பெல்ட்டும், அதை மாட்டியபோது கழற்றிய பழைய பெல்ட்டும் இங்கே அருகருகே கிடக்கும். பழையது ஏன் எறியப்படவில்லை என்ற வினாவுக்கு, கேட்ட இடமெல்லாம் கிடைக்கும் விடை ஒன்றே: “இருக்கட்டும்ங்க, எதுக்காவது ஆகும்.” அது எதற்கும் ஆவதில்லை. ஆனால் எறிந்த மறுநாள் எதற்காவது ஆகியிருக்கும்.

அடியடுக்கு கிரீஸும் புழுதியும் கலந்து இறுகிய படிவம். இதில் வாஷர்கள், எந்த போல்ட்டுக்கும் பொருந்தாத நட்டுகள், முன்பிருந்த வண்டியின் சாவி, நிறுத்தப்பட்ட இருபத்தைந்து காசு ஆகியவை கிடைக்கின்றன. உலர்ந்து கறுத்த எலுமிச்சைகள் காலக்கணிப்புக்குப் பெரிதும் உதவும். ஓர் ஆயுத பூசைக்கு ஒன்று என எண்ணினால் பெட்டி கடைசியாக எப்போது முழுதாகக் கவிழ்க்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

தூக்குவதும் கழற்றுவதும்

கருவிகளில் தலைமையானவை டயரைக் கழற்றி மாட்டுவதற்குரியவை. மாற்றுச் சக்கரம் இல்லாமல் இவற்றுக்குப் பொருளில்லை. மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் மாற்றுச் சக்கரம் என்ற ஒன்றே கிடையாது. பஞ்சரானால் அங்கேயே டயரைப் பிரித்து ஒட்டியாக வேண்டும். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பழுதான சக்கரத்தின் மேலேயே கவ்விப் பூட்டும் ஆரக்காலற்ற சக்கரம் ஒன்றை விற்கத் தொடங்கினர். அவர்களுடைய சக்கரம் மறைந்து, தெருப் பெயர் மட்டும் வண்டிக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டின் சாவி டூல்ஸ் பெட்டியில் இருக்க வேண்டும். மழையும் சேறும் பட்டுத் துருவேறிய பூட்டுக்குச் சாவி பயன்படுவதில்லை என்பதால் சுத்தியலும் உளியும் சாவியின் இனமாகவே வகைப்படுத்தப்படுகின்றன.

டயர் போயிற்று என்பதை அறிவதே முதற்படி. பின்னால் இரட்டை டயர் பூட்டிய வண்டியில் உள் டயர் காற்றிறங்கினால் வெளி டயர் தாங்கிக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதற்கென உள்ள கருவி ஒன்றரை அடி இரும்புக் கம்பி. டீக்கடையில் வண்டி நின்றதும் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார்கள். காற்று நிறைந்த டயர் கம்பியைத் துள்ளித் திருப்பும், ஓசையும் கணீரென்று வரும். இறங்கிய டயர் ‘தொப்’ என்று வாங்கிக்கொள்ளும். பிரஷர் கேஜ் என்னும் அளவுமானி இருக்கும் வண்டிகளிலும் முதலில் எடுக்கப்படுவது கம்பிதான். கேஜுக்குக் குனிய வேண்டும்.

ஜாக்கி இயங்குவது, அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியால். அந்த விதியைப் பாரந்தூக்கப் பழக்கி 1795இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பிராமா. அவர் பூட்டுத் தொழிலிலும் பேர்பெற்றவர் என்பதை மேற்சொன்ன ஸ்டெப்னிப் பூட்டோடு சேர்த்துக் கருதலாம். லாரிகளில் வழங்கும் பாட்டில் ஜாக்கிக்குள் சிறிய உருளை ஒன்றும் பெரிய உருளை ஒன்றும் உண்டு. சிறியதன் விட்டம் 12 மி.மீ., பெரியதன் விட்டம் 48 மி.மீ. என்று கொண்டால் பரப்பு 16 மடங்கு. கைப்பிடியின் நெம்பு 15 மடங்கு என்றால் மொத்தம் 240. அதாவது 25 கிலோ அழுத்தத்துக்கு 6 டன் எழும்பும். உராய்வில் போவதைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. கை 24 செ.மீ. இறங்கினால் வண்டி 1 மி.மீ. ஏறும். டயர் தரையை விட 10 செ.மீ. தூக்க வேண்டுமென்றால் 100 முறை அழுத்த வேண்டும். கிளீனர் என்னும் பதவி ஏற்பட்டதற்கான காரணங்களுள் இந்தக் கணக்கும் ஒன்று.

ஜாக்கியிலிருந்து பிரிக்கலாகாத துணைப்பொருள் அதன் அடிக்கட்டை. ஒரு சாணுக்குக் குறையாத அகலமும் நாலு விரல் கனமும் உள்ள கெட்டி மரத்துண்டு. சித்திரை வெயிலில் தார் இளகிய சாலையில் கட்டையில்லாமல் வைத்த ஜாக்கி, வண்டியை உயர்த்துவதற்குப் பதிலாகத் தான் இறங்கும். பாஸ்கல் விதி இதைத் தடுக்காது. கட்டை எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவுக்கு அது விறகாகவும் தோற்றமளிப்பதால், வழியில் சமைத்துச் சாப்பிடும் வண்டிகளில் அதன் ஆயுள் குறைவு.

சக்கரத்துக்குப் பெரும்பாலும் பத்து நட்டு. கனரக லாரிகளில் இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்கப்பட வேண்டும். டார்க் ரெஞ்ச் என்னும் முறுக்கமானி எந்தப் பெட்டியிலும் இராது, ஆனால் குழாய்த்துண்டு இருக்கும். டாமி ராடில் செருகிய ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 60 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நின்றால் கிடைக்கும் முறுக்கம் 588 நியூட்டன் மீட்டர். இந்த அளவில் முறுக்கமானிக்கும் கிளீனருக்கும் வேற்றுமை இரண்டு விழுக்காடே. ஆனால் இது சாப்பாட்டுக்கு முன் எடுத்த அளவு. பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை உண்டு. அது தெரியாத ஆள் குழாய் மேல் ஏறி நிற்க நிற்க, கழற்ற வந்த நட்டு இறுகிக்கொண்டே போகும்.

அங்குலமும் மில்லிமீட்டரும்

ஸ்பேனர்களின் வரலாறு மதப்பிளவின் வரலாற்றை ஒத்தது. 1948இல் தொடங்கி 1955இல் பெயர் மாறிய அசோக் லேலண்ட், இங்கிலாந்து மரபில் அங்குல அளவு நட்டு போல்ட்டுகளோடு எண்ணூரிலிருந்து வந்தது. 1954இல் ஜெர்மன் கூட்டோடு ஜாம்ஷெட்பூரில் புறப்பட்ட டாடா மெர்சிடிஸ் பென்ஸ் மில்லிமீட்டரைக் கொண்டுவந்தது. ஒரே உரிமையாளரிடம் இரண்டு வண்டியும் இருந்தால் பெட்டியும் இரண்டாக வேண்டும். இருந்ததோ பெரும்பாலும் ஒன்று.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ.; 19 ஸ்பேனர் கொஞ்சம் தட்டினால் ஏறிவிடும். ஐந்தெட்டு அங்குலம் 15.88, அதற்கு 16 ஒத்துப்போகும். அரை அங்குலம் 12.7, 13 ஸ்பேனர் ஆடும், ஆனாலும் வேலையாகும். சிக்கல் ஒன்பது பதினாறு அங்குலத்தில்தான். அது 14.29 மி.மீ. அதில் 14 நுழையாது, 15 நிற்காது. அந்த இடைவெளியில் ஸ்க்ரூ டிரைவர் நுனியையோ ஆக்ஸா பிளேடு துண்டையோ செருகித் திருப்புவது மரபு. நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி வட்டமாவது அந்த மரபின் விளைவு. வட்டமான நட்டைக் கழற்றும் கருவி உளி.

இதற்கும் முந்தைய சமயம் ஒன்று உண்டு. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை முறையில், ஸ்பேனரின் மேல் பொறித்த எண் அதன் வாயகலத்தைக் குறிப்பதில்லை, போல்ட்டுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். ஆகவே அரை என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரையும் சாதாரண அங்குல ஸ்பேனரையும் அருகருகே வைத்தால் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் நிற்கும். பழைய பெட்டிகளின் அடியடுக்கில் இவ்வகை ஸ்பேனர் இன்றும் கிடைக்கிறது. அதைச் சுத்தியலாகப் பயன்படுத்துகிறார்கள்.

மின்கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கோத்த டெஸ்ட் லேம்ப், உதிரி பல்பு, பல அளவு ஃப்யூஸ் இவ்வளவும் போதும். லாரியின் மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட். காரிலிருந்து இரவல் வாங்கி மாட்டிய 12 வோல்ட் பல்பு ஒருமுறை மிக அழகாக எரிந்து அணையும். ஃப்யூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. ஃப்யூஸ் தான் எரிந்து மற்றதைக் காப்பது. வெள்ளித்தாள் தான் நின்று மற்றதை எரிப்பது.

பட்டியலில் சேராதவை

எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லாமல் எல்லாப் பெட்டியிலும் இருப்பவை தனி இயலுக்கு உரியவை. முதலாவது கட்டுக்கம்பி. சைலன்ஸர் தொங்கினாலும், மட்கார்டு ஆடினாலும், கதவு மூடாவிட்டாலும் மருந்து இதுவே. கட்டுக்கம்பியால் கட்டியது தற்காலிகம் என்பது பொதுக் கொள்கை. அந்தத் தற்காலிகம் எஞ்சினைவிட நீடித்த வண்டிகள் பல.

இரண்டாவது துணி துவைக்கும் பார் சோப். டீசல் டாங்க்கில் கல் அடித்துப் பொத்தல் விழுந்தால் சோப்பைப் பிசைந்து அடைப்பார்கள். தண்ணீரில் கரையும் சோப் டீசலில் அவ்வளவு எளிதில் கரையாது என்ற வேதியியல் இதன் அடிப்படை. ரேடியேட்டர் ஒழுக்குக்கு மஞ்சள்தூள் போடும் வழக்கம் பரவலானது. தூள் நீரில் ஊறிச் சிறு துளைகளில் போய் அடையும். அடைய வேண்டாத துளைகளிலும் அடையும் என்பதால் அடுத்த ஊர் வரைக்கும்தான் அதன் நன்மை. வைப்பர் நின்ற மழையில் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பதும் இவ்வினத்தது. இவ்வாறு சமையற்பெட்டி, துணிப்பை, வெற்றிலைப் பை ஆகியவற்றுக்கும் டூல்ஸ் பெட்டிக்கும் எல்லை வகுப்பது கடினமாகிறது. வேண்டியபோது மஞ்சள்தூள் பெட்டியில் கிடைப்பதும், சாம்பாரில் கிரீஸ் வாசம் வருவதும் இந்த எல்லைத் தகராறின் இரு பக்கங்கள்.

ஏர் பைப்பில் கீறல் விழுந்தால் சைக்கிள் டியூப் வாரை இழுத்துச் சுற்றிக் கட்டுவார்கள். காற்றுப் பிரேக் பூட்டிய வண்டிக்கு இது சிறு வேலையன்று. காற்று இறங்கினால் பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்; வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு நடுரோட்டில் வண்டியை நிறுத்திவைக்கும் முரண்பாட்டை ரப்பர் வார்தான் தீர்த்துவைக்கிறது.

சட்டம் வேண்டுபவை

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் எச்சரிக்கை முக்கோணத்தையும் முதலுதவிப் பெட்டியையும் வேண்டுகின்றன. இரண்டும் வண்டிகளில் உள்ளன. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாளில் இவை உறுதியாகக் காணக் கிடைக்கும். முக்கோணம் உடைந்துவிடும் என்பதால் உறை பிரிக்காமல் பத்திரமாக வைக்கப்படுகிறது. முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோலும் பிளாஸ்திரியும் மட்டும் புழக்கத்தில் உள்ளவை. பிளாஸ்திரி ஒயருக்கும் ஆகும்.

முக்கோணத்தின் வேலையை வேறொரு ஏற்பாடு செய்கிறது. பழுதாகி நின்ற வண்டிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கற்களை வரிசையாக அடுக்கி, பக்கத்து மரத்தில் தழையோடு ஒடித்த கிளையைச் செருகிவைப்பார்கள். பகலில் இதன் பொருள் எல்லோருக்கும் விளங்கும். இரவில் கல்லுக்கு மின்னும் குணம் இல்லை. அதைவிடக் கொடுமை, வண்டி சரியாகிக் கிளம்பும் மகிழ்ச்சியில் கற்களை யாரும் எடுப்பதில்லை. பழுதுக்கு எச்சரிக்கையாக வைத்தது பழுது போன பின்னும் நின்று, பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரைக் கவிழ்க்கிறது. இந்த ஒன்றில் மட்டும் விதிநூல் சொல்வதே சரி. உறையைப் பிரித்து முக்கோணத்தை வைக்க வேண்டும். கல் வைத்தவர் கல்லை எடுத்துவிட்டுத்தான் சாவியைப் போட வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து ஓடும் எரிவாயு டேங்கர்களின் பெட்டி வேறு ஒழுங்குடையது. தீப்பொறி ஆகாது என்பதால் இரும்புச் சுத்தியலின் இடத்தில் பித்தளைச் சுத்தியல் வேண்டும். தீயணைப்பான், சரக்கின் தன்மையையும் விபத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லும் அட்டை ஆகியவையும் கட்டாயம். இப்பெட்டியில் வேடிக்கைக்கு இடமில்லை.

திணைப் பாகுபாடு

எந்தக் கருவி எங்கே தேவைப்படும் என்பதை வகுக்கப் புதிய முறை தேட வேண்டியதில்லை. தொல்காப்பியம் வகுத்த ஐந்திணை அப்படியே பொருந்துகிறது. அகத்திணை மாந்தருக்குப் பெயர் சுட்டப்படுவதில்லை, நெடுஞ்சாலையிலும் அப்படியே. நின்ற வண்டிக்காரரை ‘டிஎன் 28 வண்டி’, ‘டிஎன் 52 வண்டி’ என்றுதான் சொல்வார்கள்.

குறிஞ்சிக்கு நிலம் திம்பம் மலைப்பாதை, பொழுது நள்ளிரவு. ஆனால் இரவில் அங்கு போக்குவரத்துக்குத் தடை வந்தபின் பொழுது மட்டும் மாறிவிட்டது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் சந்திக்க நேர்வதால் உரிப்பொருள் புணர்தலே. பம்பர்களைப் பிரிப்பதற்குக் கடப்பாரை வேண்டும். பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட, கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டியோடு நடந்து ஏறிய கிளீனர்கள் இத்திணையின் பழைய கருப்பொருள். கரும்பு லாரியாக இருந்தால் யானையும் கருப்பொருள். ஆசனூர்ப் பக்கம் அது லாரியை நிறுத்திச் சுமையைக் குறைத்துத் தரும். அதற்கெதிரான கருவி பெட்டியில் இல்லை.

மருதம் காவிரிப் படுகை. அறுவடைக் காலத்தில் நெல் ஏற்ற வயலோரம் இறங்கிய வண்டி சேற்றில் புதையும். மண்வெட்டி, வைக்கோல், பலகை, இழுக்கக் கம்பிவடம் ஆகியவை வேண்டும். உரிப்பொருள் ஊடல்: இறங்க வேண்டாம் என்று யார் முதலில் சொன்னார் என்பது பற்றியது. நெய்தல் தூத்துக்குடித் துறைமுகச் சாலை. உப்புக் காற்றில் போல்ட்டெல்லாம் துருவேறும். துரு இளக்கும் எண்ணெய் வேண்டும். சரக்கு ஏற்ற வரிசையில் நிற்பவருக்கு இரங்கல் இயல்பு.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. பிற நிலங்கள் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை. பஞ்சருக்கும் தனி நிலம் இல்லை. ஆனாலும் பாலைக்குரிய வேனிலும் நண்பகலும் டயர் வெடிப்பதற்கும் உரிய பொழுதுகள். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளியும்; நெளியும் ரப்பர் சூடாகும்; கீழே சாலையும் கொதிக்க, சுமையும் கூடுதலாக இருந்தால் பட்டை உரிந்து வெடிக்கும். உரிப்பொருள் பிரிதல். ரிம்மிலிருந்து டயரும், சரக்கு சேரும் நேரத்திலிருந்து வண்டியும், படிக்காசிலிருந்து ஓட்டுநரும் பிரிவர். நெடுஞ்சாலை ஓரங்களில் கறுப்புத் தோல் போலக் கிடக்கும் டயர்ப் பட்டைகள் இத்திணையின் நடுகற்கள்.

ஐந்தினுள் லாரிக்கு மிகவும் உரியது முல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். கருவியால் ஆவதெல்லாம் செய்து முடித்து, ஆகாது என்று தெரிந்து, மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பியபின் தொடங்குவது இத்திணை. “இந்தா கிளம்பிட்டேங்ண்ணா” என்ற சொல்லுக்கும் ஆள் வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட காலம் முழுதும் முல்லை. இதற்குரிய கருவிகள் மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, தார்ப்பாய், வண்டிக்கு அடியில் கட்டும் தூளி, சீட்டுக்கட்டு. தண்ணீர் கேன் இரண்டு வேண்டும்: ஒன்று ரேடியேட்டருக்கு, ஒன்று ஆளுக்கு. இரண்டும் ஒரே நிறத்தில் இருத்தல் கூடாது.

இரவல்

பெட்டிக்குத் தேய்மானத்தைவிடப் பெரிய பகை இரவல். நின்ற வண்டிக்கு இன்னொரு வண்டி நின்று உதவுவது சாலை அறம். அந்த அறத்தின் செலவுக் கணக்கில் போவது வீல் ஸ்பேனர். “ரெண்டே நட்டுங்ண்ணா, கழட்டிட்டு இந்தா குடுத்தர்றேன்” என்று வாங்கிய கருவி, இரு வண்டியும் வெவ்வேறு மாநிலம் சேர்ந்தபின் நினைவுக்கு வரும். இது திருட்டு அன்று. கொடுத்தவரின் பெட்டியிலும் வேறொருவருடையது ஒன்று இருக்கும். ஆகவே தனித்தனிப் பெட்டிகள் என்று எதுவும் இல்லை, சாலை முழுவதற்கும் பெட்டி ஒன்றே, அதன் பகுதிகள் பல வண்டிகளில் பயணம் செய்கின்றன என்று கொள்வாரும் உண்டு. உரிமையாளர்கள் இக்கொள்கையை ஏற்பதில்லை. அவர்கள் கருவிகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பெயிண்ட் அடிப்பர். ஜாக்கியில் வண்டி எண்ணை வெல்டு வைத்து எழுதுவர். கடன் கேட்டவரின் வண்டிச் சாவியை ஈடாக வாங்கி மடியில் முடிந்துகொள்வர். மூன்றாவதே பலனளிக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூசைக்கு முந்தைய நாள், இருப்புக் கணக்கெடுப்பு நடைபெறும். அடியடுக்கைத் தொடாமல் கருவிகள் வெளியே எடுக்கப்பட்டு, டீசலில் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்கப்படும். என்னென்ன போய்விட்டன என்பதும், யாருடையவை என்று தெரியாதவை எத்தனை வந்திருக்கின்றன என்பதும் அன்றுதான் வெளிப்படும். வந்தவற்றுக்கும் பாகுபாடின்றிப் பொட்டு வைக்கப்படுகிறது.

இக்காலம்

பழைய எஞ்சினில் டீசல் தீர்ந்து லைனில் ஏர் பிடித்தால் ஒரு ஸ்பேனர் போதும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை நின்று டீசல் தெளிவாக வரும்போது இறுக்க வேண்டியதுதான். ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்றால் ஓடும் எஞ்சினிலேயே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பாக நட்டைத் தளர்த்திச் சத்தம் மாறுகிறதா என்று கேட்பார்கள். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இந்தக் கைவேலை கூடாது. காமன் ரெயில் குழாயில் டீசலின் அழுத்தம் 1,500 பாருக்கு மேல். தளர்ந்த நட்டிலிருந்து பீறும் இழை தோலைத் துளைத்து உள்ளே போகும். அத்துடன் பழுதே பெரும்பாலும் இரும்பில் இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காது, காரணம் ஒரு சென்ஸாரோ, ஓட்டுநர்கள் யூரியா என்று சொல்லும் திரவம் தீர்ந்ததோ ஆக இருக்கும். சுத்தியலுக்கு அங்கே வேலையில்லை என்பதை ஒப்புக்கொள்ளப் பழைய ஓட்டுநர்களுக்குச் சில ஆண்டுகள் ஆயின. யூரியா கேன் ஒன்று பெட்டியருகே இடம்பிடித்துவிட்டது. மற்றதற்கெல்லாம் செல்போன், 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண், சர்வீஸ் வேன்.

டயர் மட்டும் மாறவில்லை. டியூப் இல்லாத டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் உள்ள சிறு பயணியர் வண்டிகள் பஞ்சர் ஒட்டும் சாமான் வைத்திருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. அந்தச் சலுகை மூன்றரை டன்னோடு நின்றுவிடுகிறது. லாரிக்கு ஸ்டெப்னியும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இன்றும் உண்டு. கிளீனர்தான் பல வண்டிகளில் இல்லை. தனியாக ஓட்டிப்போகிறவர் அந்த நூறு அழுத்தையும் தாமே அழுத்துகிறார், அல்லது பஞ்சர்க் கடைக்காரருக்குப் போன் செய்துவிட்டு முல்லைத் திணைக்குள் நுழைகிறார்.

வண்டி விற்கப்படும்போது பெட்டியின் வாழ்வு முடிகிறது. ‘டூல்ஸோடு’ என்று விலை பேசப்பட்டாலும், கைமாறும் நாளில் நல்ல ஸ்பேனர்கள் ஓட்டுநரின் வீட்டுக்கும், சுத்தியல் உரிமையாளரின் தோட்டத்துக்கும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும். அடியடுக்கு மட்டும் பெயர்க்க முடியாததால் பெட்டியோடு போகும். ஜாக்கி போகும், ஆனால் அதன் ஆயில் கசிவைக் காட்டி வாங்குகிறவர் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்வார். முந்நூறில் முடியும்.